வாயிலும் பட்டறையும்: படையிலிருந்து திரும்புவோரின் இரண்டாம் தொழில்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓர் இளைஞனைத் தன் படையில் சேர்த்துக்கொண்டு, அவனுடைய தேக வலிவும் துணிவும் மிகுந்திருக்கும் ஆண்டுகளையெல்லாம் எல்லைப்புறத்திலும் முகாம்களிலும் கழிக்கச் செய்து, நாற்பதை எட்டும் தறுவாயில் சேவை முடிந்ததென்று விடைகொடுத்து அனுப்பும் ஓர் அரசு, அவனுக்கு எஞ்சியிருக்கும் இருபது இருபத்தைந்து ஆண்டு உழைப்புக் காலத்துக்கு எந்த அளவில் பொறுப்பாளி என்ற கேள்வி, படை என்ற ஸ்தாபனம் தோன்றிய நாளிலிருந்தே அரசர்களையும் மந்திரிகளையும் பொருளாதார அறிஞர்களையும் அலைக்கழித்து வந்திருக்கிறது. இந்தியப் படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு விடைபெறுகிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பென்ஷனுக்குரிய 15 ஆண்டுச் சேவையை முடித்து, முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் வீடு திரும்பும் சிப்பாய்களும் நாயக்குகளும் ஹவில்தார்களுமே ஆவர். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் பருவத்தில் கைக்கு வரும் பென்ஷன் ஒன்றே குடும்பத்தைத் தாங்கிவிடும் என்று எவரும் சொல்லத் துணியார்.

இக்கேள்வியைத் திருவள்ளூர் மாவட்டத்தில் வைத்து ஆராய்வதற்குத் தனி நியாயம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெரிய ராணுவத் தளமாக வளர்ந்த ஆவடி, 1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் லட்சியமாக அறிவித்த ஊர் என்பதோடு, 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையைப் பெற்று, 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்த ஊரும் ஆகும். போர் வாகன ஆராய்ச்சி நிலையம், எஞ்சின் தொழிற்சாலை, ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் ஆகியவையும் அதன் எல்லைக்குள் அடங்கும். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில், எண்ணூரையும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தையும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தையும் ஒருபுறம் விட்டு வடக்கே சென்றால், ஆந்திர எல்லையை அடுத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில்வளாகம் தன் உருக்காலைகளோடும் கம்பி உருட்டாலைகளோடும் நிற்கிறது. படையின் ஊரும் ஆலையின் ஊரும் இவ்வளவு அருகில் அமைந்திருக்கும் ஒரு மாவட்டத்தில், முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழி நேரானதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. நடைமுறையில் அவ்வழி ஆலையின் வாயில் வரையில் நேராக வந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. இதன் காரணத்தை விசாரிக்குமுன், இக்கேள்விக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளையும் அவற்றின் குறைபாடுகளையும் வரிசையாகப் பார்த்துவிடுவது உசிதம்.

நிலம் கொடுத்த காலம்

பழைய விடை நிலம். போரில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் இறையிலி நிலம் விடப்பட்டதைத் தமிழகத்துக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. ரோமாபுரியில் படைத்தொழில் முடித்தவர்களுக்குக் குடியேற்றங்கள் அமைத்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆனால் அந்நிலங்கள் பெரும்பாலும் வேறு குடியானவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை ஆகையால், ஒரு கூட்டத்தாரின் நன்றிக்கு மற்றொரு கூட்டத்தாரின் கண்ணீர் விலையாயிற்று. அகஸ்டஸ் கி.பி. 6-இல் ராணுவத்துக்கென ஒரு தனிப் பொக்கிஷம் நிறுவி, வாரிசுச் சொத்தின்மீது விதித்த வரியைக்கொண்டு, நிலத்துக்குப் பதில் ரொக்கம் அளிக்கும் முறையை உறுதிப்படுத்தியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சி, பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில் சிப்பாய்களுக்குப் பாசன நிலம் வழங்கி, இதே விடையை மிக விஸ்தாரமாகச் சோதித்துப் பார்த்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய புது நிலம் ஏராளமாக இருக்கவில்லை. 1939-இல் சுமார் இரண்டு லட்சமாக இருந்த இந்தியப் படை யுத்த முடிவில் 25 லட்சத்தை எட்டியிருந்தது. அதைக் கலைக்கும் வேளையில், போருக்குப் பிந்திய புனரமைப்பு நிதி என்ற பெயரில் திரட்டப்பட்ட தொகை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இங்கே அது கூட்டுறவுக் குடியேற்றங்கள், மோட்டார் போக்குவரத்துச் சங்கங்கள் போன்ற சிறு முயற்சிகளுக்கு ஆதரவாக அமைந்தது. நிலம் என்ற விடையின் பலவீனம் இரண்டு வகைப்படும்: கொடுக்க நிலம் இல்லாமற்போகும் நாள் ஒன்று வந்தே தீரும் என்பது ஒன்று, வானொலிக் கருவியையும் டீசல் எஞ்சினையும் பழுதுபார்க்கக் கற்ற ஒருவனை மறுபடி ஏரின் பின்னால் நிறுத்துவது அவனுடைய கல்வியை அழிப்பதாகும் என்பது மற்றொன்று. இரண்டாவதை அக்காலத்தார் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

தானே சீர்ப்படும் என்ற கொள்கை

அரசு ஒன்றும் செய்யத் தேவையில்லை, தொழில் உலகம் தானே இவர்களை உள்வாங்கிக்கொள்ளும் என்ற கட்சிக்கு முதல் வாதத்தை அளித்தவர் ஆடம் ஸ்மித். 1763-இல் முடிவுற்ற ஏழாண்டு யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களும் மாலுமிகளும் ஒரே சமயத்தில் வேலையிழந்தபோதிலும் நாட்டில் பெரிய குழப்பம் எதுவும் விளையவில்லை என்பதை, 1776-இல் வெளியான தமது நூலில் அவர் எடுத்துக்காட்டினார். சோம்பலுக்குப் பழகிய சிப்பாயே தொழிலில் கலந்துவிட முடியுமானால், உழைப்புக்குப் பழகிய நெசவாளி வேறு தொழிலுக்கு மாறுவது அதனினும் சுலபம் என்பது அவருடைய தர்க்கம். இறக்குமதித் தடைகளை நீக்கலாம் என்று நிறுவுவதற்காகக் காட்டிய உதாரணம் அது. சிப்பாயின் கதியை ஆராய அவர் முனையவில்லை.

இக்கொள்கையை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமாகாது. திருவள்ளூர் மாவட்டத்தில் இன்று வேலையின்றி அலையும் முன்னாள் படைவீரர்களின் கூட்டம் என்று ஒன்று கண்ணில் படுவதில்லை. தேடியவர்களுக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடத்தான் செய்கிறது. ஆனால் வேலை கிடைப்பது வேறு, தகுதிக்கேற்ற வேலை கிடைப்பது வேறு. ஸ்மித்தின் அளவுகோல் முதலாவதை மட்டுமே அளக்க வல்லது.

உத்தியோக ஒதுக்கீடு

மூன்றாவது விடை சர்க்கார் உத்தியோகம். இதன் வரலாற்றில் இன்று பலரும் மறந்துவிட்ட ஓர் அத்தியாயம் உண்டு. 1945-இல், கலைக்கப்படவிருந்த படையினருக்கும் யுத்தத் தொழிலாளருக்கும் வேலை தேடித் தருவதற்காகவே புனர்வாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்குநரகம் ஒன்று நிறுவப்பட்டு, அதன் கிளைகளாக வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், பின்னர் எல்லோருக்கும் அவை பொதுவாயின. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், அதிலிருந்து கிளைத்த ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதே இயக்குநரகத்தின் வளர்ப்பே. படைவீரனைத் தொழிலில் அமர்த்துவதற்காகப் பிறந்த ஓர் ஏற்பாட்டின் வாரிசுதான், அவன் கையில் ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லை என்று அவனை இன்று திருப்பி அனுப்புகிறது.

ஒதுக்கீட்டின் சட்ட சொரூபம் தெளிவானது. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 சதவிகிதமும் டி பிரிவுப் பணிகளில் 20 சதவிகிதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் தேசியமயமான வங்கிகளிலும் முறையே 14.5, 24.5 சதவிகிதமும் முன்னாள் படைவீரர்களுக்கென வகுக்கப்பட்டன. சேவை செய்த ஆண்டுகளையும் மேற்கொண்டு மூன்று ஆண்டுகளையும் வயதிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையும், பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுச் சேவை முடித்தவரைத் தொழில்நுட்பம் சாராத சில பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்ளும் சலுகையும் உண்டு. தமிழக அரசின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவிகித இடங்கள் ஒதுக்கப்பட்டுவந்தன. இவ்வளவு இருந்தும், ஒதுக்கிய இடங்களில் சிறு பகுதியே நிரம்புகிறது என்பதைப் பாதுகாப்பு பற்றிய நாடாளுமன்ற நிலைக்குழு மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியிருக்கிறது.

ஏன் நிரம்பவில்லை? ஒதுக்கீட்டை ஆதரிப்போர் துறைகளின் அசிரத்தையைக் காரணம் காட்டுகிறார்கள். எதிர்ப்போர், விண்ணப்பிப்பவர்கள் எழுத்துத் தேர்வில் தேறுவதில்லை என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். ஆனால் பதினேழு ஆண்டுகள் பனிமலையிலும் பாலைவனத்திலும் இருந்துவிட்டு வந்தவரை, பயிற்சி வகுப்பிலேயே நாளைக் கழிக்கும் இருபத்திரண்டு வயது இளைஞரோடு கணக்கும் பொது அறிவும் எழுத வைப்பது எதை அளக்கும் பரீட்சை என்று கேட்பவர்களின் வாதத்துக்கு இன்னும் தக்க மறுமொழி வரவில்லை.

தேர்வே இல்லாமல் படையிலிருந்து துணைப்படைகளுக்கு நேரே மாற்றிவிடலாம் என்ற யோசனை இதன் ஓர் உபகிளை. கார்கில் போரையடுத்து கே. சுப்பிரமணியம் தலைமையில் கூடிய குழு, படைச் சேவைக் காலத்தை 17 ஆண்டிலிருந்து ஏழு முதல் பத்து ஆண்டாகக் குறைத்து, விடைபெறுவோரைத் துணைப்படைகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது. 2008-இல் அறிக்கை அளித்த ஆறாவது ஊதியக் குழுவும் அதே திசையில் பரிந்துரை செய்தது. பென்ஷன் செலவு குறையும், பயிற்சிச் செலவு மிஞ்சும், மனிதனுக்கும் அறுபது வயது வரை உத்தியோகம் நிச்சயம் என்ற மூன்று நன்மைகள் ஒருங்கே இருந்தும் யோசனை செயல்படாமற்போனதற்கு, துணைப்படைகள் தம் பதவி உயர்வு வரிசை குலையும் என்று அஞ்சியதையே முக்கிய காரணமாகப் பலர் கருதுகிறார்கள்.

வாயிற்காவல்: நம்பிக்கைக்கு விலை, திறனுக்கு விலையின்மை

தனியார் ஆலைகள் அளித்த விடை, இவர்களிடம் உள்ள ஒழுங்கையும் நேர்மையையும் விலைக்கு வாங்குவது. கும்மிடிப்பூண்டியின் ஒரு சாதாரண உருட்டாலையை எடுத்துக்கொண்டால், அதன் லாபமும் நஷ்டமும் பெரிதும் வாயிலில் தீர்மானமாகின்றன. பழைய இரும்பு ஏற்றி வரும் லாரியை எடைமேடையில் நிறுத்திக் குறிப்பது, வெளியே செல்லும் கம்பிக் கட்டுகளைச் சீட்டோடு ஒப்பிடுவது, ஷிப்டு மாறும் நேரத்தில் கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஆட்களை எண்ணி உள்ளே விடுவது, அடையாளச் சீட்டு இல்லாதவனைத் தடுப்பது ஆகிய இவையெல்லாம் கண் தவறாத ஒருவர் செய்ய வேண்டிய வேலைகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய இடங்களிலிருந்து வந்து உலையருகே உழைப்பவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசக்கூடியவர் என்ற தகுதியும், படையில் இந்தி பழகிவந்த தமிழருக்கு இருக்கிறது. ஒரு சுபேதாரை வாயிலில் வைத்த முதலாளி நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதை மறுப்பதற்கில்லை.

அரசும் இந்த விடையை அங்கீகரித்துப் பலப்படுத்தியிருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வுத் தலைமை இயக்குநரகம், முன்னாள் அதிகாரிகள் நடத்தும் காவல் நிறுவனங்களைப் பட்டியலில் சேர்த்துப் பொதுத்துறைக்குப் பரிந்துரைக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தனியார் காவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தர இடமளிக்கிறது. தமிழக அரசு 1986-இல் நிறுவிய தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம், சுருக்கமாக டெக்ஸ்கோ, மின்நிலையங்கள் முதலான அரசு சார்ந்த இடங்களுக்குக் காவலர்களை அனுப்பிவருகிறது. ஏஜென்டின் கமிஷனிலும் பிடித்தத்திலும் சம்பளம் கரைந்துபோகாமல், வைப்புநிதியும் விடுப்பும் கணக்காய்க் கிடைக்கும் வேலைக்கு இந்த ஏற்பாடுகள் ஓரளவு உத்தரவாதம் அளித்தன என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். தனியார் ஏஜென்சிகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு சர்வசாதாரணமாக இருக்கும் நிலையில் இது சிறிய காரியம் அன்று.

எனினும் இவ்விடையின்மீது மூன்று ஆட்சேபங்கள் நிற்கின்றன. சமிக்ஞைப் பிரிவில் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பராமரித்தவரும், மின் மற்றும் இயந்திரப் பொறியாளர் பிரிவில் டாங்கி எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவரும், காலாட்படையில் துப்பாக்கி தூக்கியவரும் வாயிலில் ஒரே நாற்காலியில் ஒரே சம்பளத்துக்கு உட்காருகிறார்கள். மூவரையும் உருவாக்கத் தேசம் செலவிட்ட பணமும் காலமும் ஒன்றல்ல. முதல் ஆட்சேபம் இந்த விரயம். பென்ஷன் இருக்கிறது என்ற தைரியத்தில் குறைந்த சம்பளத்துக்கு முன்னாள் படைவீரர் சம்மதிக்கும்போது, பொதுமக்களின் வரிப்பணம் மறைமுகமாக ஆலை முதலாளிக்கு மானியமாகிறது என்பது இரண்டாவது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அதே சீருடையில் அமரும், பென்ஷன் இல்லாத கிராமத்து மனிதரின் கூலியும் அதனால் தாழ்ந்துவிடுகிறது என்பது மூன்றாவது; அதிகம் பேசப்படாததும் இதுவே. பாதிக்கப்படுபவர் எந்தச் சங்கத்திலும் இல்லாத ஏழை என்பதால், இந்த மூன்றாவதைத்தான் மிகவும் கருதத்தக்கதாக நான் எண்ணுகிறேன்.

இவற்றுக்கு மறுமொழியும் உண்டு. வாயிற்காவலைப் பலர் விரும்பியே ஏற்கிறார்கள் என்பதே அது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்கிக் குடியேறுவதற்குக் கேந்திரிய வித்யாலயாவும் கேன்டீனும் மருத்துவ வசதியும் காரணம். இருபது ஆண்டு ஊர் ஊராய் அலைந்தவருக்கு, பரீட்சை எழுதாமல் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஓர் உத்தியோகம் இழிவாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. ஆயினும், விருப்பம் என்று சொல்லப்படுவது வேறு கதவுகள் மூடியிருந்த நிலையில் பிறந்த விருப்பமா என்பதைப் பிரித்தறியாமல் இம்மறுமொழியை முழுமையாக ஏற்பதற்கில்லை.

அதிகாரிகளின் நிலை வேறு. பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து குறுகிய காலச் சேவைக்குச் சென்று பத்தாண்டில் வெளிவருவோருக்கு, மேலாண்மைக் கழகங்களில் ஆறு மாதப் படிப்பும், நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து முதலிய துறைகளில் இடமும் கிடைக்கின்றன. ஒரே படையின் இரு வகுப்பாருக்கும் இடையில் சேவைக் காலத்தில் இருந்த தூரம் சேவைக்குப் பின் மேலும் விரிவடைகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்லலாம்.

படை ஒரு பாலமா?

படைச் சேவை பின்னைய வாழ்வின் வருமானத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்ற வினாவை அமெரிக்கர்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1973-இல் பிரவுனிங், லோப்ரீட்டோ, பாஸ்டன் என்ற மூவர், சமுதாயத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட கறுப்பருக்கும் மெக்ஸிகோ வம்சாவளியினருக்கும் ராணுவம் ஒரு பாலமாக அமைகிறது என்றும், வசதி படைத்த வெள்ளையருக்கு அந்த நன்மை இல்லை என்றும் முடிவு கூறினர். 1990-இல் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், வியத்நாம் யுத்தத்துக்கு ஆள் பிடிக்க நடந்த சீட்டுக் குலுக்கலை ஆதாரமாகக் கொண்டு, போருக்குச் சென்ற வெள்ளையரின் வருமானம் எண்பதுகளின் தொடக்கத்தில் செல்லாதவரைவிட ஏறத்தாழ 15 சதவிகிதம் குறைந்திருந்தது என்று காட்டினார். பிற்காலத்தில் அவரும் சகாக்களும் மேற்கொண்ட ஆராய்ச்சி, அந்த இடைவெளி வயது ஏற ஏற மறைந்துவிட்டதைக் கண்டது. இந்தியாவில் படைக்கு ஆள் சேர்ப்பது குலுக்கலால் அன்று, விருப்பத்தாலும் தேர்வாலுமே. ஆதலால், வெற்றி பெற்ற முன்னாள் படைவீரர் ஒருவரைக் கண்டு அவ்வெற்றி படை தந்ததா, அவர் படைக்குச் செல்லுமுன்பே பெற்றிருந்த திறத்தால் வந்ததா என்று தீர்ப்பது இங்கே மிகக் கடினம்.

போரிலிருந்து திரும்பும் படைவீரர்களின் படிப்புக்கும் பயிற்சிக்கும் உதவ 1944-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் பயனை 78 லட்சம் பேர் பெற்றதாகச் சொல்வர். அவர்களில் கல்லூரி சென்றவர்கள் சுமார் 22 லட்சமே. மற்றவர்கள் தொழிற்பள்ளியிலும் வேலை செய்யும் இடத்திலும் பயிற்சி பெற்றார்கள். கல்லூரி சென்றவர்களின் பெருமையே சரித்திரத்தில் நிலைத்துவிட்டபோதிலும், கும்மிடிப்பூண்டி போன்ற ஓர் இடத்துக்குப் படிப்பினை தரத்தக்கது பின்னவர்களின் அனுபவம். அதே சட்டத்தின் நிர்வாகம் உள்ளூர்க்காரர்கள் கையில் விடப்பட்டதால் தென் மாநிலக் கறுப்பர்கள் பெருவாரியாக வஞ்சிக்கப்பட்டதையும் உடன் நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டில் இத்திசையில் செய்யப்பட்ட ஏற்பாடு, படைத் தொழில்களைச் சிவில் தொழில்களோடு சமப்படுத்தும் பட்டியல். படையில் இன்ன தொழில் செய்தவர் வெளியே இன்ன தொழிலுக்கு நிகர் என்று அது வகுக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகம், பள்ளிப் படிப்பு இல்லாமலே பெற்ற திறனையும் படிநிலையில் பொருத்த முனைகிறது. காகிதத்தில் இவை குறையற்றவை. ஆனால் பட்டறையின் மேற்பார்வையாளருக்கு வேண்டியது தமக்குப் பழக்கமான முத்திரை. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையே, 2021 அக்டோபரில் ஒரு கம்பெனியின் கீழ் வந்த பின் இளநிலைத் தொழில்நுட்பர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கையில், தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழையே பெரும்பாலும் தகுதியாகக் கேட்டது. ஆலையில் விபத்துத் தடுப்பைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலர் பதவியை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகளில் அப்பதவியை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது. வெடிமருந்துக் கிடங்கைப் பல்லாண்டு விபத்தின்றிக் காத்த ஒருவருக்கு அதற்குரிய மனப்பழக்கம் நிறைந்திருக்கும். பொறியியல் பட்டமோ டிப்ளமாவோ, அதன்மேல் தொழில்துறைப் பாதுகாப்பில் டிப்ளமாவும் இல்லாமல் அவரை அப்பதவியில் அமர்த்த விதி இடம் தராது. விதி தவறானதும் அன்று. உருகிய இரும்பின் அருகே நிற்பவர்களின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. தவறு, சேவையின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த டிப்ளமாவை அவர் பெறுவதற்கு வழி செய்யாததில் இருக்கிறது.

இதற்கு மாறான ஓர் உதாரணம் இம்மாவட்டத்தின் கடற்கரையிலேயே உண்டு. 2004 ஜூலையில் அமலுக்கு வந்த சர்வதேசக் கப்பல் மற்றும் துறைமுகப் பாதுகாப்பு விதிகள், ஒவ்வொரு துறைமுக வசதிக்கும் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னபோது, கடற்படையிலிருந்து வந்தவர்களின் அனுபவம் ஏற்கெனவே பொருந்தியிருக்கும் ஒரு பதவி பிறந்தது. விதியே பதவியை உண்டாக்கி, குறுகிய கால வகுப்பு ஒன்றின் மூலம் தகுதியையும் வரையறுத்த இடத்தில் பாலம் தானாக அமைந்தது. காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் பொருந்திய இம்முறை உலைக்கும் கிரேனுக்கும் பொருந்தாது என்று கருதக் காரணம் எதையும் காணோம்.

திரும்பியவனின் மனம்

சமூகவியல் அறிஞர்களான ஆல்ஃபிரட் ஷூட்ஸ் 1945-இல் எழுதிய கட்டுரையும், வில்லார்ட் வாலர் அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்ட நூலும், வீடு திரும்புகிறவனுக்கு வீடு அந்நியமாகியிருக்கிறது என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்டவை. இக்கொள்கைப்படி சிக்கல் தொழிலில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது: கட்டளையின் வரம்பு தெளிவாக இருந்த உலகிலிருந்து, சூப்பர்வைசரும் கான்ட்ராக்டரும் யூனியன்காரரும் ஆளுக்கொன்று சொல்லும் உலகுக்கு வந்தவர் திகைக்கிறார். இதில் உண்மை உண்டு. ஆனால் முதல் வேலையை ஓரிரு ஆண்டில் விட்டுவிடுகிறவர்களின் மனத்தை மட்டும் ஆராய்ந்து, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் தரத்தை ஆராயாமல் விடுவது, நோயை நோயாளியின் சுபாவம் என்று சொல்வதில் சென்று முடியும்.

சொந்தத் தொழில்

பெட்ரோல் பங்க், எரிவாயு ஏஜென்சி, பால் நிலையம் ஆகியவற்றில் ஒதுக்கீடு நெடுங்காலமாக உண்டு. தமிழக அரசு 2024 சுதந்திர தின விழாவில் அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம், ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவிகித மூலதன மானியமும் 3 சதவிகித வட்டி மானியமும் தருகிறது. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் காக்களூரிலும் திருமழிசையிலும் நிறைந்திருக்கையில், கைத்திறன் உள்ள ஒரு ஹவில்தார் ஒரு லேத்தும் ஒரு வெல்டிங் எந்திரமும் கொண்டு தொடங்குவது நடவாத காரியமன்று. ஆனால் பாக்கித் தொகைக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று காத்திருக்கும் சிறு உற்பத்தியாளனின் அவஸ்தையைத் தாங்குவதற்குக் கடனைவிட வியாபாரத் தொடர்பு முக்கியம். மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாழ்ந்தவரிடம் அத்தொடர்பு இருப்பது அபூர்வம்.

நான்காண்டுச் சேவையும் நிலுவையில் உள்ள வினாக்களும்

மேற்கூறிய விடைகள் எல்லாவற்றுக்கும் அடியில் பென்ஷன் என்ற ஒரு தளம் இருந்தது. 1973-இல் மூன்றாவது ஊதியக் குழு சிப்பாய்களின் பென்ஷன் விகிதத்தைக் கடைசிச் சம்பளத்தின் பாதியாகக் குறைத்ததும், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் 2014 ஜூலை முதல் அமலுக்கு வந்ததும் அத்தளத்தின் உயரத்தைப் பற்றிய வழக்குகளே. தளம் வேண்டுமா என்பதைப் பற்றியவை அல்ல. 2022 ஜூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் அந்தத் தளத்தையே எடுத்துவிட்டது. நான்கு ஆண்டு முடிவில் கால்பங்கினர் வரை தொடர்ந்து சேவையில் நிறுத்தப்படுவர். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, பென்ஷனும் முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இன்றி வெளிவருவர். 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணியினர் நான்கு ஆண்டை நிறைவு செய்யும் காலம் 2026 கடைசியிலும் 2027 ஆரம்பத்திலும் வருகிறது.

இத்திட்டத்தை ஆதரிப்போர், இருபத்தொன்று முதல் இருபத்தைந்துக்குள் வெளிவருபவன் புதுத் தொழில் கற்பது நாற்பது வயதினனைவிட எளிது என்றும், சேவைக் காலத்தையே பாதிப் படிப்பாகக் கருதும் பட்ட வகுப்பு ஏற்பாடாகியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். வயதைப் பற்றிய வாதம் வலுவானதே. எதிர்ப்போர், நான்கு ஆண்டில் தொழில்நுட்பப் பிரிவிலும் ஆழ்ந்த கைத்திறன் கைகூடாது என்றும், ஒதுக்கீடு சில துணைப்படைகளோடும் பாதுகாப்பு நிறுவனங்களோடும் நின்றுவிடும் என்றும் கவலைப்படுகிறார்கள். இக்கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று.

கும்மிடிப்பூண்டியைப் பொறுத்தமட்டில் இன்னும் தீராதிருக்கும் வினாக்களை இவ்வாறு சொல்லலாம். வாயிற்காவலுக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பென்ஷன் தாங்கிநின்ற காரணத்தால்தான் அவ்வேலை ஒரு விடையாகத் தோன்றியது என்ற ஊகம் சரியானால், பென்ஷன் இல்லாத இளைஞர்கள் அதை ஏற்க மாட்டார்கள். ஏற்றால், ஏற்கெனவே அங்கிருப்பவரின் கூலியோடு நேரே போட்டியிடுவார்கள். இரண்டில் எது நேரும் என்பதை 2027-க்குப் பின்வரும் ஆண்டுகளே காட்டும். நிறுத்தப்பட்ட கால்பங்கினரையும் வெளிவந்தவர்களையும் ஒப்பிடும் வாய்ப்பு ஆராய்ச்சியாளருக்கு முதன்முறையாகக் கிடைக்கிறது. ஆனால் நிறுத்தப்பட்டவர்கள் திறத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆதலால், அந்த ஒப்பீடு சீட்டுக் குலுக்கலைப் போலத் தூய்மையாக இராது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைக்குப் பதிந்துகொள்பவர் மூன்றாண்டு கழித்து எந்த ஆலையில், எந்தப் பணியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார் என்று பின்தொடர்ந்து குறிக்கும் ஒரு வழக்கம் ஏற்படுமானால், கைத்திறனைப் பற்றிய கட்சியாருக்கும் மனநிலையைப் பற்றிய கட்சியாருக்கும் இடையே உள்ள பிணக்கில் பாதியேனும் தீரும். அதற்கு வேண்டிய செலவு மிகச் சொற்பம். அதைச் செய்ய வேண்டிய பொறுப்பு படையைச் சார்ந்ததா, மாநில அரசைச் சார்ந்ததா, ஆட்களைப் பெற்றுக்கொள்ளும் ஆலைகளைச் சார்ந்ததா என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த அபிப்பிராயம் உருவாகவில்லை.